பூச்சுக்குப் பின்னால்



பழைய வீட்டை வாங்கி, பழுது பார்த்து, நல்ல விலைக்கு விற்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இதில் என்ன மிஞ்சும் என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் பாதிப் பேராவது இருப்பீர்கள். அந்தக் கணக்கையும் சொல்கிறேன். ஆனால் நான் வற்புறுத்திச் சொல்ல வந்த விஷயம் ஒன்றுதான். விற்கப்போகிற வீட்டில் முதல் பணமும் பெரிய பணமும், வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செலவாக வேண்டும். மேல்தளம், சுவரின் அடி, தண்ணீர் வரும் வழி, போகும் வழி, மின்சார வயர், கடைசியாகப் பத்திரம். இவையெல்லாம் சரியான பிறகு பெயின்ட் எந்த நிறத்தில் இருந்தாலும் அந்த வீடு நிற்கும். இவற்றைத் தொடாமல் மாடுலர் கிச்சனும் ஃபால்ஸ் சீலிங்கும் போட்டு விற்கிறார்களே, அது பழுதை மூடி விற்பது. அதை நம் தொழிலின் ஒரு வகை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் தஞ்சை வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகும் வீடுகள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன! பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், அமெரிக்காவில். அப்பா அம்மா இருக்கும்வரை விளக்கெரிந்த வீடு, அவர்கள் காலத்துக்குப் பிறகு நாலே மழையில் ஓடு சரிந்து, முற்றத்தில் ஆலங்கன்று முளைத்துவிடுகிறது. விற்றால் போதும் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். மனை விலைக்கே கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதும் நம்மைப் போன்றவர்கள் ஓடுகிறோம்.

ஓடுவதற்கு முன்னால் காகிதத்தைப் பார்க்க வேண்டும். பழைய வீட்டில் மிகவும் செலவு வைக்கக்கூடிய விரிசல் பத்திரத்தில்தான் இருக்கும். பட்டா தாத்தா பேரில் இருக்கும், வரி ரசீது பெரியப்பா பேரில் வரும், கையெழுத்துப் போட மூன்று அண்ணன் தம்பிகள் மட்டும் வருவார்கள். “தங்கச்சிங்க ரெண்டு பேரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க சார், கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு” என்பார்கள். அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். இந்துக் குடும்பத்தில் அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடாக இருந்து, உயில் எழுதாமல் அவர் காலமாகியிருந்தால், 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படியே மகள்களுக்குச் சமபங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் பெண்களுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தியது; 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. அந்தச் சகோதரிகளை நேரில் பார்த்து, அவர்களுக்கு உரிய பங்குப் பணம் போய்ச் சேருகிறதா என்று தெரிந்துகொண்டுதான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். இதைப் பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் பங்கை விழுங்கி மலிவாகக் கிடைக்கிற வீட்டை நாம் வாங்கக் கூடாது.

இன்னொன்று, ‘பவர்’. பத்திரச் செலவை மிச்சம் பிடிக்க, கிரயம் பண்ணாமல் பொது அதிகார ஆவணம் எழுதி வாங்கிக்கொண்டு, வேலை முடித்து, நேராக அடுத்தவர் பேருக்குக் கிரயம் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். பவர் ஆவணத்தால் சொத்தின் உரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்துபோனால் பவர் பொதுவாகச் செல்லாது. அதற்குள் நீங்கள் அந்த வீட்டில் பதினைந்து லட்சம் போட்டிருப்பீர்கள்.

காகிதம் சரி என்றால் வீட்டைப் பார்க்கப் போகலாம். மழை பெய்யும்போது போங்கள், அல்லது மழை விட்ட மறுநாள் காலையில் போங்கள். கோடையில் எல்லா வீடும் நல்ல வீடுதான். தெருவில் நின்று முதலில் பார்க்க வேண்டியது ரோட்டின் உயரம். மேலே மேலே தார் போட்டு, பழைய வீட்டின் வாசற்படி ரோட்டுக்குக் கீழே போயிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் சாக்கடைத் தண்ணீரே மழைக்கு உள்ளே வரும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள், உண்மைதான். ஆனால் கட்டுக்கோப்பாக உள்ள செங்கல் கட்டடத்துக்குத்தான் அது ஒத்துவரும். மண் கலவையில் கட்டிய, ஏற்கெனவே விரிசல் விட்ட சுவரைத் தூக்க நினைப்பது ஆபத்து. எந்த வீட்டுக்கு எது என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உள்ளே போனதும் கண்ணைவிடக் கையும் மூக்கும் உபயோகப்படும். ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் வாசனை வந்தால் அங்கே நில்லுங்கள். கதவு நிலையின் அடியில், தரையோடு ஒட்டும் இடத்தில், ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். கரையான் தின்ற மரம் மேலே பாலிஷோடு முழுசாக இருக்கும், முனை உள்ளே இறங்கிவிடும். பீரோவை நகர்த்தச் சொல்லுங்கள்.

கும்பகோணத்தில் ஒரு வீடு. கூடத்தின் மூன்று பக்கச் சுவரிலும் மூன்றரை அடி உயரத்துக்குப் பளபளவென்று பிவிசி பேனல் பதித்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. “டிசைனுக்குப் போட்டது சார், இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க” என்றார் தரகர். என்னோடு வந்த கொத்தனார் சுண்ணாம்பு வேலையில் ஊறியவர், எனக்கு அப்பா வயது. பேனலின் ஓரத்தில் விரல் நுழையும் இடுக்கு ஒன்று இருந்தது. அவர் விரலை விட்டு எடுத்தார். நகக்கண்ணில் ஈரமான வெள்ளைப் பொடி. விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “உப்பு, தம்பி. அடியிலேருந்து ஏறுது. நாலு பக்கமும் சிமென்ட்ட வச்சு அடைச்சுட்டாங்க, அது எங்கதான் போகும்?” என்றார்.

இந்த ஓதத்தைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் காவிரிப் படுகையில் பழைய வீடு வாங்குபவர் பணத்தை அதிகம் விழுங்குவது இதுதான். நிலத்தடி நீர் மேலாக இருக்கிற பூமி. அந்தக் காலச் சுவர்களில், அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தைத் தடுக்கும் பட்டை பெரும்பாலும் கிடையாது. மண்ணில் உள்ள ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலே ஏறும், கூடவே மண்ணின் உப்பையும் கொண்டுவரும். முன்பு சுவரில் இருந்தது சுண்ணாம்புப் பூச்சு. அது ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஏறிய ஈரம் கொஞ்ச உயரத்திலேயே காற்றில் உலர்ந்துவிடும். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதோடு விஷயம் முடிந்தது. பிறகு ‘பலமாக இருக்கட்டும்’ என்று அதைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் பூச்சு கெட்டியானது, ஈரத்தை எளிதில் விடாது. வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, விரிந்து, பூச்சையும் செங்கல்லின் முகத்தையும் பொடியாக்கித் தள்ளும். அதன்மேல் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் ஆறு மாதத்தில் கொப்பளம். கொப்பளத்தை மறைக்க டைல்ஸ், டைல்ஸுக்கு மேலே ஈரம் தெரிந்தால் பேனல். ஓதம் ஒவ்வொரு அடியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. ஆனால் அவசரக்காரருக்கு ஆகாது. முதலில் வெளியே, சுவரை ஒட்டிப் போட்ட சிமென்ட் தளத்தை உடைத்து, மண் மட்டத்தைத் தாழ்த்தி, கூரைத் தண்ணீரும் கழிவுநீரும் சுவரடியில் விழாமல் திருப்ப வேண்டும். பிறகு உள்ளே, ஓதம் ஏறிய உயரத்துக்கும் ஒரு அடி மேலே வரை சிமென்ட் பூச்சைப் பெயர்த்து எடுத்துவிட்டு, சுவரைச் சும்மா விட வேண்டும். மாதக்கணக்கில் விட வேண்டும். தேவைப்பட்டால் சுவரடியில் வரிசையாகத் துளை போட்டு ஈரத்தைத் தடுக்கும் மருந்து செலுத்தலாம். கடைசியில் சுண்ணாம்புப் பூச்சு. நீற்றிய சுண்ணாம்பு, சலித்த ஆற்று மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறப் போட்டுப் புளித்த தண்ணீர். இதைக் குழைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், குறைந்துகொண்டே வருகிறார்கள். பின்வரிசையில் இருக்கும் பாலிடெக்னிக் மாணவர்களே, ஒரு விடுமுறையிலாவது அவர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள். கரண்டியில் கலவை எப்படி ஒட்ட வேண்டும், எப்போது தேய்ப்பதை நிறுத்த வேண்டும் என்பதைக் கைதான் கைக்குச் சொல்லிக்கொடுக்கும்.

அடுத்தது மேல்தளம். மெட்ராஸ் டெரஸ் என்று நாம் சொல்கிற தளம் அருமையான வேலைப்பாடு. தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமாகக் கட்டைகள், அவற்றின்மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் மூலைவாட்டமாக அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, தட்டோடு பதித்து முடிப்பார்கள். இது ஒழுகினால் என்ன செய்கிறோம்? மேலே ஒரு அங்குலம் கான்கிரீட் போட்டுவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சதுர அடிக்கு ஒரு அங்குலக் கான்கிரீட்டின் எடை அரை டன்னுக்கு மேல். 600 சதுர அடிக் கூடத்தின் தலையில் மூன்று டன்னுக்கு மேல் ஏற்றிவிட்டோம், அந்த எடையைத் தாங்கப்போவது சுவருக்குள் புதைந்து உளுத்த உத்திர முனைகள். தட்டோட்டை எடுத்து, அடியில் உள்ள சுண்ணாம்புத் தளத்தைச் சரிசெய்து, வாட்டம் கொடுத்து, திரும்பப் பதிப்பதுதான் முறை. உத்திரத்தின் முனை மட்டும் உளுத்திருந்தால், முழு மரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. பக்கத்தில் இரும்புச் சேனலை வைத்துப் போல்ட் போட்டு முனையைத் தாங்கிப் பிடிக்கலாம். அந்த மாதிரித் தேக்கு இன்று கடையில் கேட்டால் கிடைக்காது.

1970, 80-களில் கட்டிய ஆர்.சி. வீடுகளுக்கு நோய் வேறு. அங்கே கம்பி துருப்பிடித்திருக்கும். துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் அடிப்பக்கக் கான்கிரீட் பெயர்ந்து விழும். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் கணீரென்றும், உள்ளே விட்டுப்போன இடத்தில் டொப்பென்றும் கேட்கும். துருவை எடுக்காமல் சிமென்ட் அப்பினால் அது மறுபடி விழும், அடியில் குழந்தை படுத்திருந்தாலும் விழும். பெயர்ந்ததை முழுக்க எடுத்து, கம்பியின் பின்பக்கம் வரை திறந்து, துருவைத் தேய்த்து, மருந்து பூசி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டிவிட்டுத்தான் அடைக்க வேண்டும். தளம் முழுக்க டொப்பென்றால் அந்த வீட்டைப் புதுப்பிக்க நினைக்காதீர்கள். மனை விலையிலிருந்து இடிக்கும் செலவைக் கழித்து விலை பேசுங்கள், இல்லையென்றால் திரும்பி வாருங்கள்.

பழைய வயரிங்கை விட்டுவைக்க வேண்டாம். முழுவதும் மாற்றுங்கள், எர்த் புதிதாகப் போடுங்கள், மின்கசிவு வந்தால் துண்டித்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். தண்ணீர்க் குழாய் ஜி.ஐ.யாக இருந்தால் உள்ளே துரு அடைத்திருக்கும், அதையும் மாற்றுங்கள். பாத்ரூம் தரையில் டைல்ஸ் போடும் முன்பு இரண்டு நாள் தண்ணீர் தேக்கிக் கீழ்த்தளத்தைப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கவோ உடைக்கவோ கூடாது, நனைத்து முழுசாக இறக்க வேண்டும்.

பெயின்டைப் பற்றி ஒரு வார்த்தை, பலருக்கும் தெரியாத விஷயம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, ஜன்னல் கம்பிகளில் அடுக்கடுக்காக இருக்கிற எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். மெஷினை வைத்து உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி பெயின்டர் நெஞ்சுக்குள் போகும், வேலை நடக்கும் வீட்டில் விளையாடுகிற சித்தாள் பிள்ளையின் வாய்க்குள் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நனைத்துச் சுரண்டுங்கள், தூசியைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். இதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை.

தரைக்கு வருகிறேன். பழைய வீட்டில் இருப்பது ரெட் ஆக்சைடு, மொசைக், அல்லது ஆத்தங்குடிக் கல்லாக இருக்கும். அவற்றின் மேல் விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டுவதுதான் இப்போது பழக்கம். தரை உயர்ந்து, தேக்குக் கதவின் அடியை அறுக்க வேண்டிவரும், பாத்ரூம் வாசலில் படி மாறும், வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள். மொசைக்கை மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டால் டைல்ஸ் விலையில் ஒரு பங்குதான் ஆகும். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மணலும் சிமென்டும் அடைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியில் படிந்த முகம் என்பதால்தான் அந்த வழவழப்பு. அதன்மேல் ஆசிட் ஊற்றித் தேய்த்தால் நிறம் போய்விடும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். நாலைந்து கல் உடைந்திருந்தால் அதே அச்சில் ஆத்தங்குடியில் இன்றும் செய்து தருவார்கள்.

இப்போது கணக்கு. 60 லட்சத்துக்கு வீடு என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலிலிருந்து 2 சதவீதம், ஆக 5 லட்சத்து 40 ஆயிரம். வேலைக்கு 15 லட்சம். 40 லட்சம் கடன், 9 சதவீத வட்டி என்றால் மாதம் 30 ஆயிரம், ஒன்பது மாதத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். வாங்கும்போதும் விற்கும்போதும் தரகு ஒரு சதவீதம். 95 லட்சத்துக்கு விற்றால் கையில் நிற்பது 10 லட்சத்துச் சொச்சம், அதுவும் வருமான வரிக்கு முன்னால். 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் முழுவதும் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, அந்த விகிதத்தில் வரி விழும். ஒவ்வொரு மூட்டைக்கும் பில் வாங்கி வைக்கவில்லை என்றால் 15 லட்சச் செலவைக் காட்டவும் முடியாது. இந்த 10 லட்சத்தைப் பெரிதாக்க ஒரே குறுக்குவழி, சுவர் காய வேண்டிய மாதங்களை வெட்டுவது. தப்பு தொடங்குவது அங்கேதான்.

அமெரிக்காவில் ஸில்லோ என்ற பெரிய நிறுவனம் கணினிக் கணக்கை வைத்து ஆயிரக்கணக்கான வீடுகளை வாங்கி, சரிசெய்து விற்கப் பார்த்தது. 2021 அக்டோபரில், பழுது வேலைகள் தேங்கிவிட்டன என்று வாங்குவதை நிறுத்தியது. நவம்பரில் அந்தத் தொழிலையே மூடியது. கைவசம் இருந்த வீடுகளின் மதிப்பில் 30 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் எழுத வேண்டியிருந்தது. விலை எங்கே போகும் என்பதை அவர்களாலேயே கணிக்க முடியவில்லை. இங்கே விலை ஏறும் என்ற ஒரே நம்பிக்கையில் வட்டிக்கு வாங்கி இறங்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டில் இன்னொரு வழியில் காசு பார்த்தார்கள். பழைய வீட்டை வாங்கி, பர்மா தேக்குத் தூண் தனி, நிலை தனி, கண்ணாடி தனி என்று கழற்றி விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அந்த வீடுகளின் துண்டுகளைப் பார்க்கலாம். எனக்கு அந்தத் தெருவில் நடப்பதே கஷ்டமாக இருக்கும். புதுச்சேரி வைசியாள் வீதியில் வேறு மாதிரி நடந்தது. திண்ணையும் தாழ்வாரமுமாகத் தெரு முகப்புகளைச் சீர்படுத்தினார்கள். 2008-ல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அங்கே போய்ப் பாருங்கள். வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

கடைசியாக விற்பது. 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான பழுது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. பேனலுக்குப் பின்னால் இருந்த அந்த உப்பு இந்தப் பிரிவுக்குள்தான் வரும். நாங்கள் விற்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் பத்திரத்தோடு ஒரு ஃபைல் கொடுக்கிறோம். பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும், அளவு டேப்பை வைத்து, வயரும் குழாயும் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்படி எடுத்த போட்டோக்கள் அதில் இருக்கும். எந்த உத்திரத்துக்கு இரும்பு வைத்துத் தாங்கினோம், எந்தச் சுவரில் ஓதம் இருந்தது, எத்தனை மாதம் காயவிட்டோம், எந்த மூலையை இரண்டு மழைக்காலம் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதும் எழுதியிருக்கும். இதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. அவர்களைத் தடுத்ததில்லை. வாங்கியவர்களுக்குக் கடைசித் தாளில் கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் நாலு பேரின் பெயரும் போன் நம்பரும் கொடுத்திருக்கிறோம். மழைக்காலத்தில் எங்காவது ஈரம் தெரிந்தால் என்னைத் தேட வேண்டாம், நேராகக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுக்கிறோம். அவரும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எனக்குச் சொல்கிறார்.